நிற்கும் மோட்டாரின் பசி

அக்கா மகள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு காற்றாடி செய்துகொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு. உடைந்த பொம்மைக் காரிலிருந்து கழற்றிய சின்ன மோட்டார், தண்ணீர் பாட்டிலை வெட்டிச் செய்த இறக்கை, பழுதான சார்ஜர் ஒயர். ஒயரின் ஒரு முனையில் யுஎஸ்பி செருகி. மறுமுனையின் தோலைப் பல்லால் உரித்திருந்தாள். உள்ளே நான்கு கம்பிகள்: சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை. கரண்ட் சிவப்பிலும் கறுப்பிலும்தான் வரும் என்று வகுப்பில் யாரோ சொல்லியிருந்தார்கள். வெள்ளையையும் பச்சையையும் மடக்கி டேப் சுற்றினாள். மற்ற இரண்டையும் மோட்டாரின் காதுகளில் முறுக்கி, என் லேப்டாப்பில் செருகினாள்.

இறக்கை ஒரு துடிப்புத் துடித்து நின்றது. பக்கத்துத் துளையில் இருந்த மவுஸின் சிவப்பு வெளிச்சம் அணைந்தது. அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கும் பொருள் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை திரையின் மூலையில் வந்தது.

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க மாமா. மாட்டுனேன், அவ்வளவுதான்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. மாட்டியது மட்டும்தான் அவள் செய்தது. மடக்கி ஒதுக்கிய வெள்ளைக்கும் பச்சைக்கும் என்ன வேலை என்று அவளுக்குச் சொல்லத் தொடங்கி, அன்று மாலை நான் நினைவில் அப்பாவின் கிணற்று மேட்டில் போய் நின்றேன்.

*

யுஎஸ்பியின் முதல் விதிநூல் 1996 ஜனவரியில் வெளிவந்தது. அதற்கு முந்தைய கணினிகளின் முதுகைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: கீபோர்டுக்கு வட்டமாக ஒரு துளை, மவுஸுக்கு வேறொன்று, பிரிண்டருக்கு இருபத்தைந்து ஊசிகள் நுழைய அகலமாக ஒன்று, அதை இறுக்க இரண்டு திருகாணிகள். ஒன்றின் செருகி பெரும்பாலும் மற்றதில் நுழையாது. இந்தத் துளைகளுக்கெல்லாம் பொதுவாக ஒன்றைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் இன்டெல்லில் பணியாற்றிய அஜய் பட். பரோடாவில் பொறியியல் படித்தவர். மகளின் பள்ளி வேலைக்காக வீட்டில் பிரிண்டரோடு மல்லுக்கட்டியதில் தொடங்கிய எண்ணம் இது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஏழு நிறுவனங்கள் கூடி விதிகளை எழுதின. யுஎஸ்பியின் கடைசி எழுத்து குறிக்கும் ‘பஸ்’ நம் ஊர்ப் பஸ்தான். இரண்டுமே ‘எல்லோருக்கும்’ என்று பொருள்படும் ‘ஆம்னிபஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வால்.

எல்லோருக்கும் என்று பந்தி விரித்தால் பரிமாற ஒரு முறை வேண்டும். யுஎஸ்பியின் முறை கண்டிப்பானது. செருகியதும் சிவப்புக் கம்பியில் 5 வோல்ட் இருக்கும். அன்றைய சில்லுகள் பெரும்பாலும் உண்டது அந்த அழுத்தத்தைத்தான். ஆனால் வந்து உட்கார்ந்தவருக்கு முதலில் கிடைப்பது 100 மில்லி ஆம்பியர் மட்டும். இலையில் உப்பும் ஊறுகாயும் வைப்பது போல. அதற்கு மேல் வேண்டுமானால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்பதற்குத்தான் வெள்ளையும் பச்சையும்.

கேட்கும் விதமும் அழகானது. புதிதாக வந்த கருவி 1.5 கிலோ ஓம் தடை ஒன்றின் வழியாக அந்த இரண்டு கம்பிகளில் ஒன்றைச் சுமார் 3.3 வோல்ட்டுக்கு உயர்த்தும். வகுப்பில் பிள்ளைகள் கை தூக்குவது போன்றதுதான். எந்தக் கம்பி உயர்கிறது என்பதை வைத்தே வந்தவர் மெதுவாகப் பேசுபவரா வேகமாகப் பேசுபவரா என்று கணினி புரிந்துகொள்ளும். பிறகு விசாரணை. நீ யார், எந்த வீட்டுப் பிள்ளை, என்ன வேலை? பதில்களைக் கேட்டு 1 முதல் 127க்குள் ஓர் எண்ணைப் பெயராகச் சூட்டும். கடைசியில், உனக்கு எவ்வளவு வேண்டும்? இதற்கான பதில் ஒரே ஒரு பைட்டில் அடங்க வேண்டும். ஒரு பைட்டில் 255க்கு மேல் எழுத முடியாது என்பதால் இரண்டிரண்டு மில்லி ஆம்பியராக எண்ணுவது என்று வைத்தார்கள். 250 என்று சொன்னால் 500 மில்லி ஆம்பியர். யுஎஸ்பி 2.0 வரை அதுதான் உச்சம்; இரண்டரை வாட். கணினி சரியென்று சொன்ன பிறகே இரண்டாம் பரிமாறல்.

இந்த விதிகளைக் கணினிகள் எல்லாம் கறாராகக் காவல் காப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடைகளில் தொங்கும் யுஎஸ்பி விசிறிகளிலும் விளக்குகளிலும் பேசும் கம்பிகளே இருப்பதில்லை. கேட்காமல்தான் எடுக்கின்றன, கொஞ்சமாக எடுப்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. எல்லை மீறும்போது மட்டும் காவலாள் விழிப்பான். பல கணினிகளில் அந்தக் காவலாள் கரித்தூள் கலந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. மின்னோட்டம் மிகுந்தால் அது சூடாகும், சூட்டில் விரியும், கரித்துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வழி அடைபடும். ஆறினால் பழையபடி வழிவிடும். வேறு சிலவற்றில் அதற்கென்றே ஒரு சில்லு. என் லேப்டாப்பில் அன்று விழித்துக்கொண்டது அதுதான்.

*

கேட்காமல் எடுத்த பழி மோட்டாருக்குப் புதிதல்ல. அது பிறந்ததே அந்தப் பழியோடு.

1821 செப்டம்பரில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் ஆய்வறையில் மைக்கேல் ஃபாரடே ஒரு பாதரசக் கிண்ணத்தின் நடுவில் காந்தத்தை நிறுத்தினார். மேலிருந்து தொங்கிய கம்பியின் நுனி பாதரசத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மின்கலத்தை இணைத்ததும் கம்பி காந்தத்தைச் சுற்றிவரத் தொடங்கியது. மின்சாரத்தால் உலகில் இடைவிடாமல் சுழன்ற முதல் பொருள் அந்தக் கம்பி. உடனிருந்தவன் மனைவியின் தம்பி ஜார்ஜ் பர்னார்ட், பதினான்கு வயதுப் பையன். இருவரும் கிண்ணத்தைச் சுற்றிக் குதித்தார்கள் என்றும், மாலையில் மைத்துனனை ஃபாரடே சர்க்கஸுக்குக் கூட்டிப்போனார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது.

அடுத்த மாதமே கட்டுரை அச்சேறியது. மின்னோட்டத்தால் கம்பியைச் சுழல வைக்கலாம் என்ற யோசனையை மூத்த அறிஞர் வில்லியம் வொல்லாஸ்டன் அதே கட்டடத்தில் சில மாதங்களுக்கு முன் சோதித்துப் பார்த்திருந்தார். அவர் எதிர்பார்த்தது கம்பி தன்னைத்தானே சுற்றுவதை. ஃபாரடே கண்டது காந்தத்தைச் சுற்றிவருவதை. இரண்டும் வேறுதான். ஆனாலும் கட்டுரையில் வொல்லாஸ்டனின் பெயர் இல்லை. இளைஞன் பெரியவரின் எண்ணத்தைக் கேளாமல் எடுத்துக்கொண்டான் என்று ஊரில் பேச்சு எழுந்தது. பார்த்துப் பேசத்தான் போனேன், அவர் ஊரில் இல்லை என்று ஃபாரடே பிறகு விளக்கம் சொன்னார். வொல்லாஸ்டன் சமாதானமானார். ஆனால் ஃபாரடேயை வளர்த்தெடுத்த ஹம்ப்ரி டேவியே, 1824இல் அவர் ராயல் சொசைட்டிக்குத் தேர்வாவதை எதிர்த்தார். ஒரே ஓர் எதிர் ஓட்டோடு ஃபாரடே தேர்வானார்.

கேட்க நினைத்தும் காத்திருக்க முடியவில்லை. புத்தகம் தைக்கும் கடையில் வேலை பார்த்து, முப்பது வயதை நெருங்கியும் உதவியாளராகவே இருந்த ஒருவருக்குக் கையில் கம்பி சுழலத் தொடங்கிய கணத்தில் பொறுமை இருந்திருக்காது. அந்தக் கணத்து மனிதரைத்தான் குற்றவாளியாகப் பார்த்தது ஊர். அதன் பிறகு அவர் ஓடிய ஓட்டம் வேறு: 1831இல் காந்தத்தின் அருகே கம்பியை அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்று கண்டார். டைனமோவும் டிரான்ஸ்பார்மரும் அதிலிருந்து வந்தவை.

*

அக்கா மகளின் மோட்டாருக்கும் நேர்ந்தது அந்த முதல் கணத்துப் பிரச்சினைதான். மீட்டரை வைத்துச் சுருளின் தடையை அளந்தோம். சுமார் 2 ஓம். ஐந்தை இரண்டால் வகுக்கச் சொன்னேன். "ரெண்டரை" என்றாள். இரண்டரை ஆம்பியர்: 2500 மில்லி ஆம்பியர். உப்பும் ஊறுகாயும் வைத்த இலையில் இருபத்தைந்து பேர் சோற்றை ஒரே ஆள் வாரியது போல.

பிறகு தனி பேட்டரியிலிருந்து அதே 5 வோல்ட் கொடுத்து, இறக்கை இல்லாமல் ஓடவிட்டு அளந்தோம். வெறும் 200 மில்லி ஆம்பியர். அதே மோட்டார், அதே சுருள், அதே அழுத்தம். நிற்கும்போது இரண்டரை ஆம்பியர் கேட்டது ஓடும்போது அதில் பன்னிரண்டில் ஒரு பங்கோடு திருப்தியாக இருக்கிறது. விரலால் அச்சை லேசாகப் பிடித்தால் வேகம் குறைகிறது, மீட்டரில் எண் ஏறுகிறது. விட்டால் இறங்குகிறது.

காரணம் இது. காந்தத்தின் நடுவே சுழலும் எந்தச் சுருளிலும் மின்னழுத்தம் பிறக்கும். மோட்டாரின் சுருளும் சுழல்கிறது, அதுவும் காந்தத்தின் நடுவே. ஆகவே ஓடத் தொடங்கிய கணத்திலிருந்து மோட்டார் ஒரு டைனமோவாகவும் இருக்கிறது. தன்னை ஓட்டும் அழுத்தத்துக்கு எதிர்த்திசையில் தானே ஓர் அழுத்தத்தை உண்டாக்குகிறது. எதிர்த்திசையில்தான் உண்டாகும் என்று விதியாகச் சொன்னவர் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த லென்ஸ் என்ற இயற்பியலாளர், 1834இல். எங்கள் மோட்டாரின் கணக்கு: 200 மில்லி ஆம்பியரை 2 ஓம் சுருளில் தள்ள 0.4 வோல்ட் போதும். மிச்சமுள்ள 4.6 வோல்ட்டை மோட்டாரின் எதிர்ப்பு தடுத்து நிறுத்தியிருக்கிறது. வேகம் கூடக்கூட எதிர்ப்பு கூடும். எதிர்ப்பு கூடக்கூடப் பசி அடங்கும். யாரும் வெளியிலிருந்து அதற்கு அளவு சொல்ல வேண்டியதில்லை. ஓட்டமே அதன் அடக்கம்.

நிற்பவன்தான் அதிகம் தின்கிறான் என்று இதைச் சோம்பேறிகளுக்கான நீதிக்கதையாக ஆக்கிவிடலாம். அது மோட்டாருக்குச் செய்யும் அநியாயம். நிற்கும் மோட்டார் சும்மா நிற்பதில்லை. இந்த வகை மோட்டாரின் முறுக்குவிசை உச்சத்தில் இருப்பது அது நிற்கும் கணத்தில்தான். அசையாமல் கிடப்பதை அசைக்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தன் வலு முழுவதையும் போடுகிறது. அசைந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். அசையவிடாமல் பிடித்து வைத்தால், எங்கள் சின்ன மோட்டாரில்கூடப் பன்னிரண்டரை வாட் முழுக்கச் சூடாக மாறும். ஒரு குட்டி சால்டரிங் அயர்னின் சூடு அது. சுருளின் மேல் பூசிய வார்னிஷ் எத்தனை நேரம் தாங்கும்?

*

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஏழரை எச்.பி. மோட்டார். யுஎஸ்பி துளை தரும் இரண்டரை வாட்டைப் போல இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். அது ஓடும் விதம் வேறு; உள்ளே பிரஷ் கிடையாது, நிலைக்காந்தமும் கிடையாது. ஆனால் குணம் அதேதான். நேராகச் சுவிட்சைப் போட்டால் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை எடுத்த எடுப்பில் இழுக்கும். அதனால்தான் மோட்டார் ரூமில் கைப்பிடி வைத்த ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தது.

அப்பா கைப்பிடியை முதலில் ஒரு பக்கம் தள்ளுவார். அது ஸ்டார். சுருள் ஒவ்வொன்றுக்கும் முழு அழுத்தத்தில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பங்குதான் போகும். லைனில் இருந்து இழுப்பது நேராகப் போட்டால் இழுப்பதில் மூன்றில் ஒன்றாகக் குறையும். அப்படியும் சாளையில் குண்டு பல்பு மங்கிச் சிவந்துபோகும். அம்மா அடுப்படியிலிருந்தே "மோட்டார் போட்டாச்சு" என்பாள். அப்பா கைப்பிடியைப் பிடித்தபடி தலையைச் சாய்த்துக் காது கொடுத்து நிற்பார். உறுமல் மெல்ல மெல்லச் சீராகி, மெலிந்து, ஒரே இழையாக ஆகும் நொடிக்காகக் காத்திருப்பார். அது வந்ததும் கைப்பிடியை மறுபக்கம் அடிப்பார். டெல்டா. இனி முழுச் சாப்பாடு. பல்பு பழையபடி எரியும். சீக்கிரம் அடித்தால் பியூஸ் போகும். அடிக்கவே மறந்தால் மோட்டார் அரைவயிற்றோடு பாரம் இழுத்துச் சூடேறும். எத்தனை நொடி என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. சத்தம் சொல்லும் என்பார்.

மும்முனையில் ஒரு பேஸ் போயிருப்பதைக் கவனிக்காமல் ஒருநாள் யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். மோட்டார் அசையவில்லை, நின்ற இடத்திலேயே கத்தியது. ஓடிப்போய் நிறுத்துவதற்குள் கருகல் வாசம் வந்துவிட்டது. காயில் கட்டுகிற கடைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். கருத்த கம்பிகளை வெட்டி எடுத்தபடி கடைக்காரர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: "நின்னுட்டுக் கத்துற மோட்டாருதானுங்க கருகும். ஓடுற மோட்டாருக்கு அவ்வளவு சீக்கிரம் ஒண்ணும் ஆகாது."

கோவை வட்டாரத்தில் இதைச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்த மோட்டாரை இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். அதன் பிறகு பம்பு, கிரைண்டர், காயில் கட்டும் கடை என்று தெருத்தெருவாக வளர்ந்த அறிவு இது. ஏட்டில் ஏறாமல் காதிலும் மூக்கிலும் தங்கியிருக்கிறது.

அன்று மாலை லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பிடிபட்டது இதுதான். யுஎஸ்பி துளை பேசத் தெரிந்தவர்களுக்காகச் செய்யப்பட்டது. யார், எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தால் கொடுக்கும். மோட்டாருக்குப் பேச்சு வராது. தன் முதல் நொடியின் பசியும் மறு நொடியின் அடக்கமும் அதற்கே தெரியாது. கேட்கத் தெரிந்ததற்குக் கொடுப்பதில் பெரிய சிரமம் இல்லை. விதி எழுதினால் போதும். கேட்கத் தெரியாததற்குக் கொடுக்க, நடுவில் கைப்பிடியோடு ஓர் ஆள் நிற்க வேண்டியிருக்கிறது. பல்பு மங்குவதைப் பொறுத்துக்கொண்டு, சத்தத்துக்குக் காது கொடுத்து.

*

எங்களுக்கும் ஓர் ஆள் கிடைத்தது. 500 மில்லி ஆம்பியர் கேட்டு வாங்கக்கூடிய சின்னக் கட்டுப்பாட்டு அட்டை. அது கணினியோடு வெள்ளையிலும் பச்சையிலும் பேசும். மறுபக்கம் மாஸ்ஃபெட் என்ற மின்சுவிட்சின் வழியாக மோட்டாருக்குத் துண்டு துண்டாக மின்சாரம் கொடுக்கும்: நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி. முதலில் சிறு சிறு துண்டுகளாக, ஒரு நொடிக்குள் மெல்ல நீட்டி, கடைசியில் முழுதாக. அப்பாவின் கைப்பிடி செய்த வேலையை நாலு வரி நிரல் செய்தது. அதற்குக் காது கிடையாது, எண்ணத்தான் தெரியும் என்பது மட்டும் வித்தியாசம்.

மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடும் வைத்தோம். சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று வெட்டினால் நிற்காது. வேறு வழி பார்த்து முட்டும், கையில் கிடைத்த சில்லை உடைக்கும். அது சுற்றிவந்து அடங்க ஒரு திண்ணை வேண்டும். டயோடு அந்தத் திண்ணை. இறக்கை பெரிதாக இருந்ததால் ஓடும்போதும் 500ஐத் தாண்டியது. கத்தரிக்கோலால் இருபுறமும் வெட்டிச் சிறிதாக்க வேண்டியிருந்தது. அதில் அவளுக்கு வருத்தம்.

இனி வரும் பிள்ளைகளுக்கு ஒயரை நறுக்கும் வழியும் அடைபட்டுவருகிறது. 2014இல் வந்த டைப்-சி துளையில் எதிர்ப்பக்கம் 5.1 கிலோ ஓம் தடை ஒன்று இருப்பதை உணர்ந்தால்தான் சிவப்புக் கம்பிக்கு உயிர் வரும். கை தூக்காதவருக்கு உப்பும் ஊறுகாயும்கூடக் கிடையாது. முறைப்படி பேசத் தெரிந்தவருக்கோ, 2021இன் விதிநூல் 240 வாட் வரை இடம் தருகிறது. நம் வீட்டு மேசைக் கிரைண்டர் தின்பது சுமார் 150 வாட். பேசுபவர்களின் இலை நிறைந்துகொண்டே போகிறது. பேசாதவர்களுக்கு இலையே போடப்படுவதில்லை. பாதுகாப்புக்குத்தான் இது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல்லால் ஒயரைக் கடித்து, இரண்டு கம்பியை முறுக்கி, இறக்கை ஒரு துடிப்புத் துடித்து நிற்பதைப் பார்க்கும் வாய்ப்பு போகிறது. அந்தத் துடிப்பிலிருந்துதான் எங்களுக்கு அன்றைய பேச்சு முழுவதும் கிடைத்தது.

ஓடுவது தெரிய ஒரு விளக்கு வேண்டும் என்று அவள் சின்ன சிவப்பு எல்இடியை ஒரு தடையோடு மோட்டாரின் காதுகளில் சேர்த்திருந்தாள். காற்றாடி நன்றாக ஓடியது. செருகியைப் பிடுங்கினாள். இறக்கை உடனே நிற்கவில்லை. எல்இடியும் உடனே அணையவில்லை. இறக்கை தளரத் தளர அதுவும் தளர்ந்து அணைந்தது.

"கழட்டினப்புறமும் எரியுதுங்க மாமா. யாரு குடுக்கறாங்க?"

நான் சொல்வதற்குள் மறுபடி செருகிப் பிடுங்கினாள். பிறகு மோட்டாரை அட்டையிலிருந்து கழற்றி, இறக்கையையும் உருவிவிட்டு, எல்இடியோடு மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நூல் வந்தது. அதைப் பம்பரச் சாட்டை போல அச்சில் நெருக்கமாகச் சுற்றி, வெடுக்கென்று இழுத்தாள். எரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். நூலை மறுபக்கமாகச் சுற்றி இழுத்தாள்.